பயனற்றவை எனத் தள்ளப்பட்ட காந்தங்கள்

ஓர் அறிவுத்துறையை மட்டந்தட்ட விரும்புவார் கையில் எப்பொழுதும் அணியமாக இருக்கும் படைக்கலம் ஒன்றுண்டு. "இதனால் என்ன பயன்?" என்னும் கேள்வியே அது. அதனைக் கேட்பதற்கு உழைப்பு வேண்டியதில்லை, கற்க வேண்டியதில்லை, கேட்டவுடன் கேட்டவர் உலகியல் அறிந்தவர் போலவும், கேட்கப்பட்டவர் கனவில் வாழ்பவர் போலவும் தோன்றிவிடும். ஆட்சியாளர் ஆய்வுக்குப் பொருள் ஒதுக்க மறுக்கையில் அதனைக் கேட்கின்றனர்; பெற்றோர் மக்களை ஒரு படிப்பினின்று திருப்புகையில் அதனைக் கேட்கின்றனர். கேட்கவே தகாத கேள்வி என்று அதனைத் தள்ளிவிடவும் இயலாது. உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில் ஆராய்ச்சி நடைபெறுமாயின், அதன் பயனைக் கேட்க அம்மக்கள் முழுவுரிமை உடையர். ஆயினும், விடைக்காக எத்துணைக் காலம் பொறுத்திருக்க அணியமாக உள்ளனர் என்பதைப் பொறுத்தே அக்கேள்வி அறிவுடைமையாகவோ அறியாமையாகவோ ஆகின்றது. இதற்குக் காந்த ஆராய்ச்சியின் அண்மை வரலாற்றினும் தெளிவான சான்று வேறு தேடவேண்டுவதில்லை.

இரும்பில் ஒவ்வோர் அணுவும் ஒரு நுண்காந்தம். அணுவினுள் உள்ள எதிர்மின்னிகளுக்குத் தற்சுழற்சி என்னும் ஓர் இயல்பு உண்டு. அவ்வியல்பினாலேயே அணு காந்தத்தன்மை பெறுகின்றது. இரும்பில் அவ்வணுக்காந்தங்கள் யாவும் ஒரே பக்கம் நோக்கி அணிவகுத்து நிற்கும். அவற்றின் வலிமைகள் ஒன்றுகூடுவதால் இரும்புக் காந்தம் வெளியிலுள்ள ஆணியை இழுக்கின்றது. இவ்வகையை இரும்பியற் காந்தம் எனலாம். வேறு சில பொருள்களில் ஓர் அணு மேல்நோக்கி நிற்பின் அதன் பக்கத்து அணு கீழ்நோக்கி நிற்கும். ஒன்றன் வலிமையை மற்றொன்று அழித்துவிடும். உள்ளே ஒழுங்கு முழுமையாக இருந்தும், வெளியே காந்தத்தன்மை சிறிதும் தோன்றாது. இவற்றை எதிரிணைக் காந்தங்கள் எனலாம்.

இத்தகைய காந்தங்கள் இருத்தல் கூடும் என்று 1930-களில் கருதியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு நாட்டு இயற்பியலறிஞர் உலூயி நேல் ஆவார். மங்கனீசு ஆக்கைடு என்னும் பொருளில் நொதுமிகளைச் செலுத்தி, அவர் கருதியது உண்மையே என்று 1949-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கிளிபோர்டு சல் என்பாரும் அவர்தம் துணைவரும் மெய்ப்பித்தனர். நேலுக்கு 1970-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசை ஏற்று ஆற்றிய உரையில், தாம் கண்டறிந்த அவ்வெதிரிணைக் காந்தங்கள் கொள்கையளவில் மிகச் சுவையானவை என்றும், ஆனால் அவற்றுக்குப் பயன்பாடு ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை என்றும் பொருள்பட அவரே கூறினார். கண்டுபிடித்தவரே பயனில்லை என்று கருதிய ஒரு பொருளைப் பிறர் எவ்வாறு மதிப்பர்? பாடநூல்களில் ஓர் இயலாக அஃது ஒடுங்கிற்று. ஆயினும் ஆய்வு நின்றுவிடவில்லை. 1990-களில் கணினி வட்டுகளில் பதிந்தவற்றைப் படிக்கும் நுண்தலைகளில், ஒரு காந்தப் படலத்தை அசையாது பிடித்து நிறுத்தும் வேலைக்கு எதிரிணைக் காந்தங்கள் பயன்பட்டன. அதுவும் துணைவேலையே. அவை தாமே முன்னின்று ஆற்றும் வினையொன்று 21-ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. அவ்வினை வெப்பத்தை மின்னாக மாற்றுவது.

வெப்பத்துக்கும் மின்னுக்கும் உள்ள உறவு புதியதன்று. செருமானிய அறிஞர் தாமசு சீபெக்கு 1821-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் இரு வேறு மாழைகளை வளையமாக இணைத்து, ஓரிணைப்பை மட்டும் சூடேற்றினார். அருகிலிருந்த திசைகாட்டும் ஊசி அசைந்தது. ஊசி அசைந்தமையால், வெப்ப வேறுபாடு மாழையைக் காந்தமாக்குகின்றது என்று சீபெக்கு முடிவு கட்டினார். உண்மையில் அங்கு நிகழ்ந்தது வேறு. வெப்ப வேறுபாட்டால் வளையத்தில் மின்னோட்டம் எழுந்தது; அம்மின்னோட்டமே ஊசியை அசைத்தது. தென்மார்க்கு நாட்டு எர்சுடெட்டு இதனை உணர்ந்து, இவ்விளைவை வெப்பமின் விளைவு என்று பெயரிட்டார். சீபெக்கோ தம் காந்த விளக்கத்தை எளிதில் விடவில்லை. எனினும் வெப்பம், காந்தம், மின் ஆகிய மூன்றும் ஒரு பொருளினுள் சந்திக்கின்றன என்று அவர் கொண்ட உள்ளுணர்வு முற்றும் வீண்போகவில்லை. தமிழில் காந்தல் என்பது வெம்மையின் மிகுதியையும், காந்தம் என்பது இரும்பை ஈர்க்கும் பொருளையும் குறிக்கும். சொல்லளவில் அருகருகே நிற்கும் அவ்விரண்டும் பொருளளவிலும் ஒருங்கே வினைசெய்யும் இடமொன்று, சீபெக்கு மறைந்து நெடுங்காலம் கழித்துப் புலனாயிற்று.

சீபெக்கு கண்ட விளைவு பயன்படாமற் போகவுமில்லை. 1977-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட வாயேசர் விண்கலங்கள் இரண்டும், புளுத்தோனியத்தின் வெப்பத்தை இவ்விளைவால் மின்னாக்கி 45 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வந்துள்ளன. அங்கே அசையும் உறுப்பில்லை, எண்ணெயிட வேண்டிய பொறியில்லை, பழுதுபார்க்க ஆளுமில்லை. இத்துணை நன்மை இருந்தும் நிலவுலகில் இம்முறை பரவாமைக்குக் கரணியங்கள் உள. அறைவெப்ப நிலையில் இதற்குச் சிறந்த பொருளாக 1950-களிலிருந்து விளங்கிவருவது பிசுமத்தும் தெல்லூரியமும் கலந்த கலவை. தெல்லூரியமோ நில ஓட்டில் பொன்னைப் போல் அரிதானது. மேலும், மின்னழுத்தம் வெப்பம் செல்லும் போக்கிலேயே எழுவதால், சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் நடுவே இருவகைச் சிறு தூண்களை மாறிமாறி நிறுத்தி, ஒன்றோடொன்று இணைத்துச் செல்ல வேண்டும். இணைப்புகள் மிகுதி, செலவும் மிகுதி, நொறுங்கும் வாய்ப்பும் மிகுதி. இவ்வளவும் செய்தபின் பெறும் மின்னோ, வாங்கிய வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுக் கூறு என்னும் அளவினதே.

வெப்பம் ஒரு போக்கில் செல்ல, மின்னழுத்தம் அதற்குக் குறுக்கே எழுமாயின் இவ்விடர்ப்பாடுகள் பெரிதும் குறையும். அத்தகைய விளைவும் முன்பே அறியப்பட்டதுதான். ஆத்திரிய நாட்டுக் கிராசு நகரில் 1886-ஆம் ஆண்டில் எட்டிங்சவுசன் என்னும் ஆசிரியரும், அப்பொழுது 22 அகவையே நிரம்பிய வால்டர் நெர்ன்சுட்டு என்னும் மாணவரும் பிசுமத்துத் தகட்டில் அதனைக் கண்டனர். தகட்டின் ஒரு முனையைச் சூடாக்கி, தகட்டுக்கு நேர்குத்தாகக் காந்தப் புலத்தைச் செலுத்தினால், வெப்பத்தைச் சுமந்து செல்லும் எதிர்மின்னிகள் பக்கவாட்டில் திருப்பப்படுகின்றன. அதனால் தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே மின்னழுத்தம் பிறக்கின்றது. இஃது நெர்ன்சுட்டு விளைவு எனப்படும். இரும்பியற் காந்தங்களில் இவ்விளைவுக்கு வெளிப்புலம் தொடர்ந்து வேண்டுவதில்லை. உள்ளிருக்கும் காந்த ஒழுங்கே எதிர்மின்னிகளைத் திருப்பிவிடும். இதற்கு உடன்பிறப்பாகிய மின்னோட்ட விளைவை அமெரிக்க அறிஞர் எட்வின் ஆல் 1879-ஆம் ஆண்டில் கண்டு, அஃது இரும்பில் மிகப் பெரிதாக இருப்பதையும் அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளிலேயே காட்டியிருந்தார்.

இவ்விடத்தில்தான் ஒரு நம்பிக்கை வேரூன்றிற்று. இரும்பியற் காந்தத்தில் குறுக்கு மின்னழுத்தம் எழுவது அதன் காந்த வலிமையால். ஆகவே காந்த வலிமை மிகுந்தால் அது மிகும், குறைந்தால் குறையும், வலிமை சுழியானால் அதுவும் சுழியாகும் என்பதே அந்நம்பிக்கை. அளந்து பார்த்த பொருள்கள் பலவும் ஏறத்தாழ அவ்வாறே நடந்துகொண்டமையால், அந்நம்பிக்கை விதி போலவே நிலைபெற்றுவிட்டது. எதிரிணைக் காந்தத்தின் மொத்த வலிமை சுழி. ஆகவே அதில் அளந்து பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பெரும்பாலோர் வாளாவிருந்தனர். விதியென்று கொள்ளப்பட்ட ஒன்று ஆராய்ச்சியின் கையைக் கட்டிப்போடும் வகை இதுவே. தடைசெய்வார் ஒருவரும் இல்லாதிருந்தும், கதவைத் தட்டிப் பார்ப்பாரும் இலராயினர்.

மங்கனீசு மூன்று பங்கும் வெள்ளீயம் ஒரு பங்குமாகச் சேர்ந்த படிகம் ஒன்று உண்டு. இரண்டும் அருமையான பொருள்களல்ல. மங்கனீசு எஃகாலைக்குச் செல்வது. வெள்ளீயம் ஈயம் பூசுவோர் கையில் இருப்பது. இப்படிகத்தில் மங்கனீசு அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக, முனையோடு முனை தொட்டு, கூடை முடைந்தாற்போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. சப்பானியர் இவ்வமைப்பைக் ககோமே என்பர். மூங்கிற் கூடையின் கண் என்பதே அச்சொல்லின் பொருள். வலைக்கண், கூடைக்கண் என்று வழங்கும் தமிழர்க்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது. ஒவ்வொரு முக்கோணத்திலும் மூன்று அணுக்காந்தங்கள். மேலும் கீழுமாக எதிர்த்து நிற்க அவற்றுக்கு வழியில்லை. மூவரில் இருவர் எதிர்த்து நின்றால் மூன்றாமவர் எப்பக்கம் சார்வது? ஆதலால் மூன்றும் ஒன்றுக்கொன்று 120 பாகைச் சாய்வில், மூன்று பக்கம் நோக்கி நிற்கின்றன. அவற்றின் கூட்டு வலிமை ஏறத்தாழச் சுழியே. மிகச் சிறு சாய்வால் எஞ்சி நிற்கும் வலிமை, இரும்பின் வலிமையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவில்தான் உள்ளது. இம்முக்கோண ஒழுங்கை 1980-களிலேயே சப்பானிய அறிஞர்கள் நொதுமிகளைக் கொண்டு தெளிவாகக் கண்டுவிட்டனர்.

கண்டதும் அடுக்கில் வைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தன. மூன்று பக்கம் நோக்கும் இத்தகைய ஒழுங்கிலும் எதிர்மின்னிகள் பக்கவாட்டில் திரும்புதல் வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினர் கொள்கை அறிஞர் சிலர். மறு ஆண்டிலேயே தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் சத்தோரு நக்காத்சுசி குழுவினர் இம்மங்கனீசு வெள்ளீயப் படிகத்தில் குறுக்கு மின்னழுத்தத்தை அறைவெப்ப நிலையிலேயே அளந்து வெளியிட்டனர். 2017-ஆம் ஆண்டில் அதே குழுவினர், மின்னோட்டத்துக்கு மாற்றாக வெப்பத்தைச் செலுத்தி நெர்ன்சுட்டு விளைவை அளந்தனர். ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கு, ஒரு வோல்ட்டைப் பத்து இலக்கம் கூறாக்கியதில் 0.35 கூறு கிடைத்தது. குளிர்ந்த நிலையில் அது 0.6 கூறு வரை உயர்ந்தது. அளவு சிறிதாயினும், வலிமைமிக்க இரும்பியற் காந்தங்கள் அன்றுவரை தந்ததோடு ஒப்பிடத் தக்கது. காந்த வலிமைக்கு ஏற்பவே விளைவு அமையும் என்னும் பழைய கணக்குப்படி வரவேண்டியதைப் போல் அது நூறு மடங்குக்கு மேற்பட்டது. சிறு காந்தப் புலத்தால் முக்கோண ஒழுங்கைத் திருப்பிவிட்டால், மின்னழுத்தத்தின் போக்கும் தலைகீழாகத் திரும்பிற்று. ஆகவே அது வேறெங்கிருந்தோ வந்ததன்று. அவ்வொழுங்கிலிருந்தே வந்தது என்பதும் உறுதியாயிற்று.

சுழியிலிருந்து பொருள் பிறந்தது எவ்வாறு? ஒரு முடிச்சை மூவர் மூன்று பக்கமிருந்தும் ஒத்த விசையோடு இழுத்தால் முடிச்சு அசையாது. அசையவில்லை என்பதனால் அங்கே விசையே இல்லை என்று கூறுவார் உண்டா? கயிற்றைத் தொட்டுப் பார்த்தால் அதன் விறைப்புத் தெரியும். வெளியில் நின்று கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர்க்குச் சுழி. உள்ளே ஊடுருவிச் செல்லும் எதிர்மின்னிக்கோ சுழியன்று. எதிர்மின்னி என்பது அலையும் ஆகும். முக்கோண ஒழுங்கினூடே செல்லும் அவ்வலையின் கட்டம், ஒழுங்கின் வடிவத்துக்கேற்ப முறுக்கப்படுகின்றது. அம்முறுக்கு, காந்தப் புலம் செய்யும் வேலையைத் தானே செய்து எதிர்மின்னியைப் பக்கம் திருப்புகின்றது. இம்முறுக்கின் பொதுக்கொள்கையை 1984-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஆங்கில நாட்டு மைக்கேல் பெரி. படிகத்தில் இரு ஆற்றல் பட்டைகள் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அம்முறுக்கு மிகக் கடுமையாகின்றது. அப்புள்ளிகளுக்கு, 1929-ஆம் ஆண்டில் முற்றிலும் வேறொரு நோக்கத்துக்காக ஒரு சமன்பாட்டை எழுதிய செருமானியக் கணக்கறிஞர் எர்மன் வைல் என்பாரின் பெயரே வழங்குகின்றது. இவர்களுள் ஒருவரேனும் ஆலைப் புகைபோக்கியின் வெப்பத்தை மின்னாக்கும் எண்ணத்தோடு எழுதுகோலை எடுத்தவரல்லர்.

இக்கண்டுபிடிப்பு திறந்த வழியில் பிறரும் நடந்தனர். கூட்டுவலிமை வழிகாட்டியன்று, முறுக்கே வழிகாட்டி என்று தெளிந்தபின், எங்கே முறுக்கு மிகுதி என்று கணக்கிட்டுப் பொருள் தேட முடிந்தது. 2018-ஆம் ஆண்டில் கோபால்ட்டு, மங்கனீசு, காலியம் சேர்ந்த ஓர் இரும்பியற் காந்தத்தில் அறைவெப்பத்திலேயே 6 கூறு அளவு கிடைத்தது. 2020-ஆம் ஆண்டில், நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு இரும்பே ஆகிய கலவைகள், காலியத்தோடும் அலுமினியத்தோடும் சேர்ந்து, அதற்கு நெருங்கிய அளவுகளைக் காட்டின. இரும்பும் அலுமினியமும் எந்நாட்டிலும் கிடைக்கும் பொருள்கள், நஞ்சும் அல்ல. குறுக்கு விளைவாதலால் தூண்கள் வேண்டுவதில்லை. சூடான குழாயின்மேல் மெல்லிய படலமாகப் பூசலாம். நீண்ட கம்பியாக வளைத்துச் சுற்றலாம். நீளம் கூடக்கூட மின்னழுத்தமும் கூடும். மங்கனீசு வெள்ளீயம் போன்ற எதிரிணைக் காந்தமாயின் இன்னுமொரு நன்மை உண்டு. அது வெளியே காந்தப் புலத்தை வீசுவதில்லையாதலால், பல துண்டுகளை நெருக்கி அடுக்கினும் ஒன்றையொன்று குலைக்கா. அதன் ஒழுங்கு ஏறத்தாழ 150 பாகைச் செல்சியசு வரை குலையாது நிற்பது.

இவ்வளவையும் கூறியபின் கூறாமல் விடத் தகாதது ஒன்றுண்டு. பிசுமத்துத் தெல்லூரியத்தில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 200 கூறு கிடைக்கின்றது. அதன் முன் 6 கூறு என்பது மிகச் சிறிது, 0.35 கூறு என்பது அதனினும் சிறிது. மின்னாக்கும் திறன் இவ்வளவின் இருமடியைப் பற்றி நிற்பதாகலின், இடைவெளி கண்ணுக்குத் தோன்றுவதினும் பெரிது. ஆகவே, எரிக்கும் எரிபொருளில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணே காற்றிற் கலக்கும் இவ்வுலகின் ஆற்றல் வறுமையை இக்காந்தங்கள் நாளையே தீர்த்துவிடும் என்று முழங்குவார் சொல்லை ஏற்றல் ஆகாது. முதலில் கைகூடக் கூடியவை சிறு வேலைகளே. ஒரு பரப்பின் வழியே எவ்வளவு வெப்பம் கசிகின்றது என்று காட்டும் மெல்லிய அளவிகளும், சிறு மின்னே போதுமான உணர்கருவிகளும் அவற்றுள் அடங்கும். பயனில்லை என்று மறுப்பது ஒரு பிழையாயின், இல்லாத பயனை உண்டென்று பறையறைவது மற்றொரு பிழை. முன்னது ஆராய்ச்சியைப் பட்டினி போட்டுக் கொல்லும். பின்னது, வாக்குறுதி பொய்த்த நாளில் மக்களின் நம்பிக்கையைக் கொல்லும். உண்மையான அளவை உண்மையாகக் கூறிப் பொருள் கேட்கும் துணிவு அறிவியலார்க்கு வேண்டும். அவ்வாறு கூறப்பட்ட சிற்றளவைக் கண்டு நகையாடாத பெருந்தன்மை ஆட்சியாளர்க்கு வேண்டும்.

காந்தங்களின் வகைப்பாடே இன்று மாறிவருகின்றது. நீரிற் சுழி தோன்றுவது போலத் தற்சுழற்சிகள் சுருண்டு நிற்கும் அமைப்பை மங்கனீசுச் சிலிக்கான் படிகத்தில் செருமானிய நாட்டு மூனிச்சு அறிஞர்கள் 2009-ஆம் ஆண்டில் கண்டனர். அச்சுழிகளினூடே செல்லும் எதிர்மின்னிகளும் பக்கம் திருப்பப்படுகின்றன. 2022-ஆம் ஆண்டில், இரும்பியற் காந்தமும் எதிரிணைக் காந்தமும் ஆகிய இரண்டிலும் அடங்காத மூன்றாம் வகையொன்று கொள்கையளவில் வகுக்கப்பட்டது. அதிலும் மொத்த வலிமை சுழியே. ஆயினும் உள்ளே செல்லும் எதிர்மின்னிகள் தற்சுழற்சிக்கேற்ப இருவேறாகப் பிரிகின்றன. மங்கனீசுத் தெல்லூரியப் படிகத்தில் அதற்குரிய சான்றுகள் 2024-ஆம் ஆண்டில் வெளியாயின. நேல் காலத்தில் இரண்டே அறைகளாக இருந்த வீடு இன்று பல அறைகளாக விரிந்துகொண்டிருக்கின்றது.

இவ்வரலாறு கற்பிப்பவை இரண்டு. முதலாவது, கூட்டுத்தொகையைக் கொண்டு ஒரு பொருளை அளத்தல் போதாது என்பது. வெளியே ஈர்க்கவில்லை என்பதனால் உள்ளே ஒழுங்கில்லை என்றோ, ஒழுங்கிருந்தும் அது வினைசெய்யாது என்றோ கொள்ளுதல் தவறு. இரண்டாவது, காலம் பற்றியது. 1929-ஆம் ஆண்டின் சமன்பாடு, 1930-களின் கொள்கை, 1949-இன் மெய்ப்பிப்பு, 1980-களின் படிக ஆய்வு, 1984-இன் முறுக்குக் கொள்கை ஆகிய இவற்றுள் எந்த ஒன்றையும் அன்றன்று நிறுத்தி வைத்து "என்ன பயன்?" என்று கேட்டிருந்தால், நேர்மையான விடை "இன்று ஒன்றுமில்லை" என்பதாகவே இருந்திருக்கும். அவ்விடையைக் கேட்டு எவரேனும் வாயிலை அடைத்திருந்தால், 2017-ஆம் ஆண்டின் அளவீடு நிகழ்ந்திருக்க வழியில்லை. அன்றியும், அடுக்கில் கிடந்த படிகத்தை எடுத்து அளந்து பார்க்க முப்பது ஆண்டுகள் ஆனதற்குக் கருவியின்மை கரணியமன்று. ஒன்றும் இராது என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட மனமே கரணியம்.

எனவே, ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்குவோர், ஐந்தாண்டுக்குள் விளைச்சல் காட்டாத நிலத்தைத் தரிசென்று எழுதிவிடும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். பயன் நோக்கிய ஆய்வுக்கு ஒரு பங்கு ஒதுக்கின், பயன் தெரியாத ஆய்வுக்கும் ஒரு பங்கு, குறையாமலும் தடையின்றியும் ஒதுக்குதல் வேண்டும். கல்லூரிகளில் பயில்வோர், நூலில் சுழியென்று எழுதப்பட்டிருக்கும் இடங்களை மனப்பாடம் செய்து கடந்துபோகாமல், அச்சுழி அளந்து பெற்ற சுழியா, எண்ணிப் பெற்ற சுழியா என்று கேட்டுப் பழகுதல் வேண்டும். அளந்து பெற்றதாயின் அது முடிவு. எண்ணிப் பெற்றதாயின், அங்கே செய்யப்படாத வேலையொன்று காத்துக்கிடக்கின்றது.